ஆழ்கடல் சிப்பியும் என் அண்ணியும்

கெராங் தின்னுற ஆளுங்களை எனக்குப் பிடிக்காது. மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கேன், சண்டையும் வாங்கிக் கட்டியிருக்கேன். கெராங்னா சேத்துல கெடக்குற சின்னச் சிப்பி. ஓடு வரிவரியா இருக்கும், சின்னப் பிள்ளை கைக்குள்ள அடங்கும். கொதிக்கிற தண்ணியில ஒரு முக்கு முக்கி எடுத்து, நகத்தை விட்டுப் பிளந்தா உள்ளேருந்து ரத்தம் வரும். செவப்பு ரத்தம், நம்ம விரலை அறுத்தா வருமே அதே ரத்தம். அது வழிய வழிய மொளகா சம்பல்ல தொட்டு வாயில போட்டுக்கிட்டு, "என்னா ருசிலா"ம்பாங்க. கருமம். ரவாங்ல இப்போ நான் இருக்குற தாமான் குடியிருப்புல வாரத்துக்கு ஒரு தடவை பாசார் மாலாம், ராத்திரிச் சந்தை, போடுறாங்க. கெராங் கடை இருக்குற வரிசையில நான் கால் வைக்கிறதில்ல.

ஆனா உள்ளதைச் சொல்லிடணும். எனக்குக் குமட்டுறதுல பாதிதான் அந்தச் சிப்பியால. மீதிப் பாதிக்கு நான்தான் காரணம்.

எண்பதுகளோட நடுவுல, கோல சிலாங்கூருக்குப் பக்கத்துல பாமாயில் எடுக்குற ஒரு செம்பனைத் தோட்டத்துல, வரிசையா கட்டுன லயத்துல எங்களுக்கு ஒரு வீடு. அம்மா, அண்ணன், அண்ணி, அவங்களோட மூணு வயசுப் பாப்பா, அப்புறம் நான். எனக்கு இருபத்திரண்டு வயசு, கல்யாணம் ஆவல. டவுன்ல இங்கிலீஷ் ஸ்கூல்ல மூணாம் பாரம் வரைக்கும் போயி, பரீச்சையில கோட்டை விட்டுட்டு, அந்த அரைகுறை இங்கிலீஷை வச்சுக்கிட்டு லயத்துல பெரிய மேதாவி மாதிரி திரிஞ்சேன். அண்ணன் செம்பனைக் குலை வெட்டுவான். சாயந்தரமானா சம்சு சாராயம் குடிப்பான். குடிச்சா கை நீளும், அண்ணி மேலதான் நீளும். அம்மா அடுப்படியில உக்காந்துகிட்டு, "அவ வாயை மூடிக்கிட்டு இருந்தா அவன் ஏன் அடிக்கிறான்"னு அடுப்புக்கிட்ட சொல்லுவாங்க. நானும் பாயைச் சுருட்டுற மாதிரி, பாத்திரத்தை அடுக்குற மாதிரி இருந்துக்குவேன்.

அண்ணி சபாக் பக்கத்துக்காரி. கடலோரமா வளர்ந்தவ. என்னைவிட ரெண்டு வயசுதான் மூப்பு. அண்ணின்னு வாய் கூப்பிட்டுச்சே ஒழிய, வாங்க போங்கன்னு ஒரு நாள் மரியாதை குடுத்ததில்ல. அவ கெராங் திங்கிறதைப் பாத்தா எனக்கு ஒடம்பே கூசும். கொதிக்க விடமாட்டா, சும்மா சூடு காட்டுவா. சப்பணம் போட்டு உக்காந்து ஒவ்வொன்னா பிளந்து உறிஞ்சுவா. மணிக்கட்டு வரைக்கும் ரத்தம் வழியும், அதையும் நக்கிக்குவா. அந்தக் கையால பெசஞ்ச மாவுல சுட்ட ரொட்டின்னா எனக்கு எறங்காது. "நாத்தம் புடிச்ச கடக்கரைக்காரி"ன்னு அவ காது கேக்கவே சொல்லியிருக்கேன். அவ சிரிச்சுக்கிட்டே, "நாத்தம் மூக்குலதான் தங்கச்சி, வயித்துக்குத் தெரியாது"ம்பா.

விதியைப் பாருங்க, எனக்கும் அவளுக்கும் வேலை கெடச்சது ஒரே கெராங் கொட்டாயில. ஆத்து ஓரமா ஒரு சீனத் தவுக்கேயோட கொட்டாய், தவுக்கேன்னா மொதலாளி. படகுல மூட்டை மூட்டையா வந்து எறங்கும். எங்க வேலை கழுவித் தரம் பிரிக்கிறது. ரெண்டு சிப்பியைக் கையில எடுத்து ஒன்னோட ஒன்னு தட்டணும். உசுரோட இருந்தா கூழாங்கல்லு மாதிரி டக்குனு சத்தம் வரும். செத்துப்போயி சேறு புடிச்சிருந்தா மொத்துன்னு கேக்கும். வாயைப் பொளந்துகிட்டு இருந்தா செத்தது. அழுகுன முட்டை நாத்தம் அடிச்சா செத்து நாளாச்சு. அப்படி ஒன்னு உள்ள போனா மூட்டையே கெட்டுப்போவும். அதனால தவுக்கே ஒரே ஒரு சட்டம் வச்சிருந்தான்: நாறுதா, கேக்காத, ஆத்துல வீசு. யோசிச்சுக்கிட்டு நின்னா அதுக்கும் திட்டு. ஆறு மாசத்துல மூக்கு சொல்லுறதுக்கு முன்னாடியே கை வீசும். கண்ணைக் கட்டி விட்டாலும் வீசுவோம்.

சேத்து நாத்தம் ஒடம்புல ஊறிப்போச்சு. பஸ்ல ஏறுனா பக்கத்து சீட்டுல உக்காந்திருக்குற ஆளு எழுந்து போவாங்க. வீட்டுக்கு வந்து நான் ரெண்டு தடவை சோப்பு போடுவேன், சீயக்காய் போடுவேன், எலுமிச்சம்பழத்தை நகக்கண்ணுல தேய்ப்பேன். அப்படியும் சோத்தை அள்ளி வாய்கிட்ட கொண்டு போனா அந்த நாத்தம் வரும். கரண்டியால சாப்பிடப் பழகிட்டேன். அண்ணி ஒரு சொம்பு தண்ணியில கையைக் கழுவிட்டு நிம்மதியா சாப்பிடுவா. அவளைப் பாத்து எனக்கு எரியும்.

அந்தக் கொட்டாய்க்கு ஒரு நாள் ஒரு வெள்ளைக்காரம்மா வந்தாங்க. சிப்பியைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க. முப்பது வயசுதான் இருக்கும், வெயில்ல மூஞ்சி வெந்துபோயி, காலுல ரப்பர் பூட்ஸு. படகு கட்டுற ஜெட்டிக்குப் பக்கத்துல ஒரு பழைய மீன் கொட்டாயை எடுத்து, மேசை, பேசின், ஐஸ் பெட்டி எல்லாம் போட்டு வச்சிருந்தாங்க. சிப்பி பிரிக்கத் தெரிஞ்ச ரெண்டு பேர் வேணும்னு தவுக்கேகிட்ட கேட்டாங்க. அவன் எங்களைக் காட்டி விட்டான். என்னை எடுத்தது இங்கிலீஷுக்கு, அண்ணியை எடுத்தது அவ கைக்கு. நாங்க ரெண்டு பேரும் அவங்களை மிஸ்ஸுன்னு கூப்பிட்டோம்.

அங்க வேலை சுத்தமா இருக்கும்னு நெனச்சேன். மண்ணாங்கட்டி. தவுக்கே கொட்டாயில சிப்பியை மூடுன வாக்குல பாத்தோம். இங்க தெறந்து பாக்கணும். கத்தியால பிளந்து, ஊசியை விட்டு ரத்தம் எடுத்து, சதையை வழிச்சுத் தட்டுல வச்சு, ஓட்டை அளந்து, சீட்டு எழுதி ஒட்டணும். சீட்டு எழுதுறது நான். பிளக்குறது, வழிக்கிறது, கழுவுறது எல்லாம் அண்ணி. ரத்தம் கலந்த தண்ணி நிக்குற பேசினை நான் விரலால கூடத் தொடமாட்டேன். "அண்ணி, இதைக் கழுவு"ன்னு ஒரு கொரல் குடுத்துட்டு அந்தப் பக்கம் போயிடுவேன். அவ வந்து கழுவுவா.

கொட்டாய்க்குப் பின்னாடி ஒரு அறை இருந்துச்சு. பலகைச் சுவரு, ஒரு கட்டில், ஒரு சன்னல், அவ்வளவுதான். மிஸ் எங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லியிருந்தாங்க. ஒரு வருஷம் முடிஞ்சு அவங்க ஊருக்குப் போனதும், அந்தக் கொட்டாயைத் தொடர்ந்து நடத்தப் போற மீன் இலாகா ஆபீஸு ஒரே ஒரு ஆளை நிரந்தரமா வேலைக்கு வச்சுக்கும். அந்த வேலையோட அந்த அறையும் வரும். யாரை வச்சுக்குறதுன்னு மிஸ் எழுதிக் குடுப்பாங்க. இதை நான் அண்ணிக்குச் சொன்னதும், அவ நேரா அந்த அறைக்குப் போனா. கதவைச் சாத்துனா. உள்ளேருந்து தாழ்ப்பாள் போடுற சத்தம் கேட்டுச்சு. தெறந்தா, மறுபடி போட்டா. எங்க லயத்து வீட்டுல அவ படுக்குற எடத்துக்குக் கதவே கெடையாது, ஒரு சேலையைத் தொங்க விட்டிருந்தோம்.

வெளிய வந்து, "நானும் பாப்பாவும் இதுல தாராளமா படுத்துக்கலாம்"னா. அண்ணனைப் பத்தி ஒரு பேச்சில்ல. எனக்கும் அந்த வேலை வேணும். தோட்டத்துல களை புடுங்குறதுக்கா நான் இங்கிலீஷ் படிச்சேன். ரெண்டு பேருக்கும் தெரியும், ஒருத்திக்குத்தான் கெடைக்கும்னு. அதைப் பத்தி நாங்க பேசிக்கிட்டதே இல்ல.

மிஸ்ஸு கெராங் ரத்தத்தை எடுத்ததுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல படத்தைக் காட்டிச் சொன்னாங்க, நான் அண்ணிக்குத் தமிழ்ல சொன்னேன். சூரியனே எட்டாத அடிக்கடல்ல தரை வெடிச்சு வெந்நி பொங்குற எடம் இருக்காம். கண்டுபிடிச்சே சில வருஷம்தான் ஆச்சாம். அந்த வெந்நியில அழுகுன முட்டை நாத்தம் அடிக்கிற வாயு கலந்து வரும். மத்த உசுருக்கு அது விஷம். அங்க கையளவு பெருசா வெள்ளைச் சிப்பி கூட்டம் கூட்டமா கெடக்குதாம். வெடிப்புக்குள்ள காலை விட்டு அந்த நாத்த வாயுவை உறிஞ்சி, ரத்தத்துல ஏத்தி, செவுள்ல குடியிருக்குற கிருமிங்களுக்குக் குடுக்குமாம். கிருமி அதை வச்சுச் சாப்பாடு ஆக்கிப் போடுமாம். சிப்பிக்கு வாய், குடலெல்லாம் பேருக்குத்தானாம்.

எனக்குக் கரண்டியில இருந்த சோறு கரண்டியிலேயே நின்னுபோச்சு. நாத்தத்தைத் தின்னு வாழுறதுக்கு ஒரு ஜென்மமா. அண்ணி நல்லா மென்னு முழுங்கிட்டு, "அப்போ சமைக்க ஆள வச்சிருக்கு. நாத்தத்தை மட்டும் கொண்டாந்து குடுத்துட்டு உக்காந்து சாப்பிடுது. நம்ம வீட்டு ஆம்பளைங்க மாதிரிலா"ன்னா. இதை நான் மிஸ்ஸுக்குச் சொன்னதும் அவங்களுக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் பொரையேறிப்போச்சு.

மிஸ்ஸோட கேள்வி இதுதான். சிப்பியில செவப்பு ரத்தம் உள்ளது ரொம்பக் கொஞ்சம். நம்ம சேத்துக் கெராங்குக்கு இருக்கு, அந்த ஆழ்கடல் சிப்பிக்கும் இருக்கு. அப்போ ரெண்டும் ஒரே வம்சமா? இல்ல, வேற வேற வம்சத்துல பொறந்து, தனித்தனியா ரத்தம் வந்துச்சா? நான் பட்டுனு சொன்னேன், ரத்தம் ஒன்னுன்னா சொந்தம்தானே, இதுல என்ன ஆராய்ச்சின்னு. அண்ணி படத்தைக் கிட்ட வாங்கி, ஓட்டோட உள்பக்கத்தை ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் எழுந்து போயி ஒரு கெராங் ஓட்டையும் ஒரு லாலா ஓட்டையும் எடுத்தாந்தா. லாலாங்கிறது வழவழன்னு மெல்லிசா இருக்குற இன்னொரு சிப்பி, அதுக்குச் செவப்பு ரத்தமெல்லாம் கெடையாது. ரெண்டு ஓடு சேருற கீல் பக்கத்தைக் காட்டி, "கெராங்குக்கு இங்க சீப்பு மாதிரி வரிசையா பல்லு. லாலாவுக்கு ரெண்டு மூணு பல்லுதான். படத்துல இருக்குறதுக்கும் ரெண்டு மூணுதான். இது லாலாவோட பங்காளி, கெராங்குக்கு ஒட்டும் இல்ல ஒறவும் இல்ல"ன்னா.

அவ சொன்னதை நான் மிஸ்ஸுக்குச் சொன்னேன். ஏண்டா சொன்னோம்னு அடுத்த நிமிஷமே தோணுச்சு. மிஸ்ஸு அண்ணியைப் பாத்த பார்வை அப்படி. பல வருஷம் படிச்சவங்க சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்குறதை இந்தப் பொண்ணு கைப்பழக்கத்துல சொல்லிட்டாளேன்னு, அவ தோள்ல தட்டிக் குடுத்தாங்க. ரத்தம் காஞ்சுபோன அவ கையைப் புடிச்சுக் குலுக்குனாங்க. என்னையும் கூடவே நல்லா மொழிபெயர்த்தேன்னு சொன்னாங்க. எனக்கு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு, யார் பேரை எழுதிக் குடுக்கப் போறாங்கன்னு.

அவங்க நாட்டுலேருந்து அந்த ஆழ்கடல் சிப்பி ஏழு வரப்போவுதுன்னு சேதி வந்துச்சு. ஐஸுல ஒறைய வச்சு விமானத்துல வருதாம். மிஸ்ஸுக்குக் கால் தரையில நிக்கல. எழுதி எழுதிக் கேட்டு வாங்குனதாம். முந்துன நாள் சாயந்தரம் எங்ககிட்ட ஒன்னே ஒன்னு சொன்னாங்க: "நாளைக்கு மேசை மேல வெள்ளைப் பெட்டி இருக்கும். அதை யாரும் தொடக் கூடாது." அண்ணிக்கும் சொல்லிட்டேன்.

மறுநாள் நான் முதல் பஸ்ல போயிட்டேன். அண்ணி பாப்பாவை ஆயாக்கொட்டாயில விட்டுட்டு அடுத்த பஸ்ல வருவா. கொட்டாய் தெறந்து கெடந்துச்சு, மிஸ்ஸைக் காணோம். மேசை மேல வெள்ளைப் பெட்டி மூடி இருந்துச்சு. நான் அதைத் தொடல. பூனை, குரங்கு எதுவும் தொட்டுடக் கூடாதுன்னு அதுக்குப் பக்கத்துலேயே காவலா நின்னேன். ரொம்பப் பொறுப்புதான். அப்போதான் அந்த நாத்தம் வந்துச்சு.

தொட்டிக்குப் பக்கத்துல பேசின்ல ஏழு சிப்பி கெடந்துச்சு. அழுக்கு வெள்ளை ஓடு. எல்லாமே வாயைப் பொளந்துகிட்டு, உள்ள சதை கன்னிப்போன செவப்பு, சுத்தி ரத்தத் தண்ணி. அழுகுன முட்டை நாத்தம்னா சாதாரணமில்ல, கண்ணு எரியுற நாத்தம். பெரிய சாதிச் சிப்பி எதையோ மீன்காரங்க குடுத்து, அது அழுகிப்போச்சுன்னுதான் நெனச்சேன். நெனச்சேன்னு கூடச் சொல்ல முடியாது. வாய் பொளந்திருக்கு, நாறுது, கை தூக்கிடுச்சு. முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு, பேசினைத் தூக்கிட்டுப் போயி ஜெட்டிப் பலகையிலேருந்து ஆத்துல கொட்டுனேன். தண்ணி வத்திக் கடல் பக்கமா வேகமா ஓடிக்கிட்டு இருந்த நேரம். டுபுடுபுன்னு ஏழும் போயிடுச்சு. அடியில ரத்தத் தண்ணி கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதைக் கழுவ எனக்குக் குமட்டுச்சு. பேசினைத் தொட்டியில போட்டுட்டு, முன்பக்கம் போயி காத்து வாங்கிக்கிட்டு நின்னேன்.

அண்ணி வந்தா. நான் மூக்கைச் சுளிச்சுக்கிட்டு நிக்கிறதைப் பாத்தா. உள்ள போயி பேசினைக் கழுவ ஆரம்பிச்சா.

மிஸ்ஸு ஐஸ் கடையிலேருந்து ரெண்டு பை ஐஸைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. ராத்திரி வந்த பெட்டியில ஐஸு கரைஞ்சிருந்ததால, விடிஞ்சதும் சிப்பிங்களைப் பேசின்ல எடுத்து வச்சுட்டு ஐஸு வாங்கப் போயிருக்காங்க. மேசை மேல நான் காவல் காத்தது வெறும் பெட்டி. உள்ள அண்ணி வெள்ளை வெளேர்னு கழுவுன பேசினைக் கவுத்து வச்சுக்கிட்டு இருந்தா. மிஸ்ஸு கையிலேருந்து ஐஸு பை கீழ விழுந்துச்சு. தரையில அப்படியே உக்காந்துட்டாங்க. மூஞ்சியில இருந்த செவப்பெல்லாம் போயிடுச்சு.

நான் ஆத்துல கொட்டுனது எதைன்னு எனக்கு அந்த நிமிஷம்தான் விளங்குச்சு. மிஸ்ஸு மெதுவா இங்கிலீஷ்ல என்கிட்ட கேட்டாங்க, "பேசின்ல இருந்ததை என்ன செஞ்சான்னு கேளு." நான் அண்ணியைக் கேட்டேன். அண்ணி என்னைப் பாத்தா. நேரா, கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டு, "நான் வரும்போதே பேசினு காலி. கழுவுனது மட்டும்தான் நான்னு சொல்லு தங்கச்சி"ன்னா.

நரம்பில்லாத நாக்கு எப்படி வேணும்னாலும் வளையும்னு சொல்லுவாங்க. என் நாக்கு வளைஞ்சுச்சு. நான் மிஸ்ஸுகிட்ட இங்கிலீஷ்ல சொன்னேன், "சாரி சொல்றாங்க மிஸ். நாறிப்போச்சுன்னு நெனச்சு ஆத்துல கொட்டிட்டாங்களாம். தெரியாம செஞ்சுட்டேன், சாரின்னு சொல்றாங்க." யோசிச்சு ஏற்பாடா சொல்லல. ஆனா சொல்லி முடிக்கிறதுக்குள்ள அந்த அறையும் நிரந்தர வேலையும் மனசுக்குள்ள வந்துட்டுப் போச்சு, அதையும் மறைக்கல.

மிஸ்ஸு தரையிலேருந்து எழுந்து ஐஸு பையை ஓரமா தள்ளுனாங்க. அப்புறம், "அவங்களை வீட்டுக்குப் போகச் சொல்லு. நாளையிலேருந்து வரவேண்டாம்"னாங்க. அதை மட்டும் ஒரு வார்த்தை மாறாம அண்ணிக்குச் சொன்னேன். "நான் எவ்வளவோ சொன்னேன், மிஸ்ஸு நம்பல"ன்னும் சேத்துச் சொன்னேன். அண்ணி ஈரக் கையைப் பாவாடையில தொடைச்சுக்கிட்டா. பின்னாடி போயி அந்த அறைக் கதவை ஒரு தடவை பாத்தா. பஸ் நிக்கிற எடத்துக்கு நடந்து போயிட்டா.

வீட்டுக்குப் போயி அம்மாகிட்ட மட்டும் உண்மையைச் சொன்னேன். நாலு சாத்து சாத்துவாங்க, வந்து ஒத்துக்கன்னு இழுத்துக்கிட்டுப் போவாங்கன்னு நெனச்சேன். அதுக்காகத்தான் சொன்னேனோ என்னவோ. அம்மா வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்கிட்டு, "தானாடாட்டியும் தன் சதை ஆடும். நீ என் வயித்துல பொறந்தவ, என் ரத்தம். அவ நேத்து வந்தவ. வாயைத் தெறந்துடாத"ன்னாங்க. அதைக் கேட்டு எனக்கு நிம்மதியா இருந்துச்சு. நிம்மதியா இருந்ததை நெனச்சா இப்பக்கூட எனக்கு என் மேலேயே காறித் துப்பணும் போல இருக்கு. வேலை போனதுக்கு அண்ணன் அண்ணியை அடிச்சான். மறுநாள் காலையில ஒதடு வீங்கிப்போயி எனக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தா. நான் வாங்கிக் குடிச்சேன்.

தவுக்கே அவ எடத்துக்கு வேற ஆள போட்டுட்டான். அண்ணி தோட்டத்துல மருந்தடிக்கிற வேலைக்குப் போனா, முதுகுல மருந்து டின்னைக் கட்டிக்கிட்டு, செம்பனை மரத்தடியெல்லாம் களைக்கொல்லி அடிக்கிற வேலை. கொஞ்ச நாள்ல அவ நகமெல்லாம் கறுத்து உரிய ஆரம்பிச்சுச்சு. கண்ணைக் கட்டி விட்டாலும் சிப்பி பிரிக்கிற வெரலு அது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்பாங்க. எங்க வீட்டுல ரெண்டும் ஒரே பாயில பக்கத்துப் பக்கத்துல படுத்துக்கிட்டு இருந்துச்சு.

கொட்டாயில பிளக்குறது, வழிக்கிறது, கழுவுறது எல்லாம் இப்போ என் தலையில. நல்லா வேணும் எனக்கு. பேசின்ல ரத்தத் தண்ணியைப் பாத்து வாந்தி எடுப்பேன், அந்த வாந்தியையும் நானே கழுவுவேன். மூணு மாசம் கழிச்சு மிஸ்ஸு யார் யார் காலையோ புடிச்சு இன்னொரு பெட்டி வரவழைச்சாங்க. இந்தத் தடவை மூணே மூணு சிப்பி. ஒறைஞ்சது எளக, அதே நாத்தம். நான் மூக்கைப் பொத்துனதும் மிஸ்ஸு சொன்னாங்க, "கெட்டுப்போகல. அதோட வாசனையே இதுதான். நல்லா வாழ்ந்த சிப்பின்னு அர்த்தம்." அந்த நல்லா வாழ்ந்த சிப்பியைக் கையில புடிச்சுக்கிட்டு நான்தான் ரத்தம் எடுத்துக் குடுத்தேன். என் பாவத்துக்கு அது ஒழுகி முழங்கை வரைக்கும் வந்துச்சு.

ஓட்டைக் கழுவி, காய வச்சு, கண்ணாடிக்குக் கீழ வச்சுப் பாத்தாங்க. கீல்ல சீப்புப் பல்லு இல்ல. ரெண்டு மூணு பல்லுதான். சதை, செவுளு எல்லாத்தையும் பாத்துட்டு மிஸ்ஸு சொன்னாங்க, லாலா வம்சத்துக்குத்தான் கிட்ட. கெராங்கு வேற குடும்பம், ரெண்டும் பிரிஞ்சு யுகம் யுகமா ஆச்சு. மூச்சு விடக் காத்து பத்தாத எடத்துல வாழ்ந்ததால, அது அங்க தனியா ரத்தம் செவந்துக்கிச்சு, இது இங்க தனியா செவந்துக்கிச்சு. "ரத்தத்தை வச்சு மட்டும் சொந்தம் பாக்கக் கூடாது"ன்னாங்க. எங்க அம்மாகிட்ட வந்து சொல்லுங்க மிஸ்ஸுன்னு மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டேன். அப்புறம் அவங்களே, "உன் அண்ணி அன்னிக்குப் படத்தைப் பாத்தே சொன்னாங்கல்ல. எவ்வளவு கெட்டிக்காரி. அப்படிப்பட்டவங்க எப்படி அந்த வேலையைச் செஞ்சாங்க"ன்னு என்னைக் கேட்டாங்க. உண்மை வாய் வரைக்கும் வந்துச்சு. சீட்டுல இதை லாலா வம்சம்னு எழுதட்டுமா மிஸ்னு கேட்டேன். எழுதுன்னாங்க, எழுதுனேன்.

வருஷம் முடிஞ்சு மிஸ்ஸு ஊருக்குப் போகும்போது என் பேரை எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. வேலை நிரந்தரமாச்சு. அறைச் சாவி என் கைக்கு வந்துச்சு. அம்மாவுக்கு ஒரே பெருமை, லயம் பூரா சொல்லிட்டு வந்தாங்க.

நான் சாமான் எடுத்துக்கிட்டுப் போன அன்னிக்கு, தோட்டத்து லோரி டவுனுக்குப் போவுதுன்னு அதுல ஏத்தி விட்டாங்க. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், ரெண்டு பாத்திரம். அண்ணிதான் பாயைக் கட்டிக் குடுத்தா. உரிஞ்ச நகத்தோட கயித்தை இறுக்கி முடிச்சுப் போட்டா. மொத்தத்துல ஆறேழு மாசமா நாங்க ரெண்டு பேரும் சோறு, தண்ணி, பாப்பா தவிர வேற எதையும் பேசுனதில்ல. லோரி கெளம்பப் போவுற நேரம், பாயை என் கையில குடுத்துட்டுச் சொன்னா, "தங்கச்சி, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா சாரி தெரியும்லா. அன்னிக்கு நான் சாரி சொல்லச் சொல்லலையே."

அதுல கோவமே இல்ல. சந்தேகம் கேக்குற மாதிரிதான் கேட்டா. நான் பதில் சொல்றதுக்குள்ள லோரி நகந்துடுச்சுன்னு ரொம்ப நாளா எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருந்தேன். லோரி நகரல. டிரைவர் சிகரெட்டு பத்த வச்சுக்கிட்டு இருந்தான். நேரம் இருந்துச்சு.

அந்த அறையில நான் பதினோரு வருஷம் இருந்தேன். சேத்து நாத்தம் சன்னல் வழியா வரும், தலகாணியில ஏறும், சோத்துல ஏறும். பழகவே இல்ல. கதவுல அந்தத் தாழ்ப்பாள் கடைசி வரைக்கும் இருந்துச்சு, துரு புடிச்சு. நான் ஒரு நாள் கூட அதைப் போட்டதில்ல. யாருக்குப் பயந்து நான் போடணும்.